சுவருக்கு முளைத்த மீசை

கோட்டைச் சுவரில் அந்த நிழலை இரண்டாவது முறையாகப் பார்த்தபோது டார்ச் கத்தியே விட்டாள்.

டார்ச் என்பது அவளுக்கு வேலைத்தளத்தில் வைத்த பெயர். பட்டப்பகலிலும் கையில் டார்ச்லைட்டோடு சுவர் சுவராக மோந்து பார்த்துக்கொண்டு திரிகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? பழைய கோட்டை, குகை, அருவி என்று எதைக் கொடுத்தாலும் அதற்கு ராத்திரி வெளிச்சம் அமைத்துக் கொடுக்கிற நிறுவனத்தில் அவள் இரண்டு வருடமாக வடிவமைப்பாளர். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். "என் பொண்ணு வெளிச்சம் படிச்சிருக்கா" என்று அம்மா சொன்னால் கூட வேலை செய்கிறவர்கள், "கரண்ட் ஆபீஸா?" என்பார்கள். "இல்லடி. கரண்ட் ஆபீஸ்காரன் வெளிச்சம் குடுப்பான். அது எங்க விழணும்னு இவ சொல்லுவா" என்பாள் அம்மா. அதைவிடச் சரியாக எந்தப் பேராசிரியரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஏழு மணிக்குத் திறப்பு விழா. இருட்டு விழத் தொடங்கியதும் கடைசிச் சோதனைக்காக விளக்குகளை வரிசை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார் ஒயர்மேன் அண்ணன். ஏதோ ஒரு ஒயரை மாற்றிச் செருகிவிட்டார் போலிருக்கிறது. சுவரின் காலடியில், பழைய குழி ஒன்றில் மறந்துபோய்க் கிடந்த ஒற்றை விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"அடடா, தப்பா செருகிட்டேன். அணைச்சிடறேன்."

"அணைக்காதீங்க அண்ணா! தொடாதீங்க!"

அவள் போட்ட சத்தத்தில் அண்ணன் கையை உதறிக்கொண்டு எழுந்தார், ஷாக் அடித்தவர் மாதிரி.

சுவரை ஒட்டிக் கீழிருந்து மேலே வெளிச்சம் அடித்தால் அந்தச் சுவரால் எதையும் ஒளிக்க முடியாது. மேடு, பள்ளம், உளி பட்ட தழும்பு, எல்லாம் எழுந்து நிற்கும். அதே விளக்கைத் தள்ளி வைத்து நேருக்கு நேர் அடித்தால் எல்லாம் மழுமழுவென்று ஆகிவிடும். போட்டோ ஸ்டுடியோவில் முகப்பரு காணாமல் போகிறதே, அந்த வித்தைதான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் முதல் சோதனையில் விளக்குகள் எல்லாம் சுவரை ஒட்டித்தான் இருந்தன. அன்றைக்குச் சுவரின் பாதி உயரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு வளைந்த நிழல் ஒன்று விழுந்தது. நிறுவனத்தின் முதலாளி, எல்லாருக்கும் 'சார்', தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "என்னது, சுவருக்கு மீசை முளைச்சிருக்கு? மழிச்சு விடு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். விளக்குகளை ஆறடி தள்ளி வைத்து, கோணத்தைத் திருப்பி, மறுநாளே மீசையை மழித்துவிட்டாள். சார் எல்லார் முன்னாலும் முதுகில் தட்டிக்கொடுத்தார். அன்று ராத்திரி சந்தோஷத்தில் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தாள்: 'நிழல் பிழை. சரிசெய்யப்பட்டது.'

இப்போது அந்த மீசை இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளத்துக்கு வளர்ந்திருந்தது.

விளக்கு அதே விளக்கு. குழி அதே குழி. கோணம்கூட முதல் சோதனையில் அவள் திருகி வைத்த அதே கோணம். மாறியிருப்பது சுவர் மட்டும்தான். நடுவில் உப்பி வெளியே வந்திருக்கிறது. அந்த உப்பலுக்கு மேலேதான் நிழல் விழுகிறது. பகலில் கண்ணுக்குத் தெரியாது. அவள் போட்ட புது வெளிச்சத்திலும் தெரியாது. தெரியாதபடி அழகாகச் செய்து வைத்தவளே அவள்தான்.

சுவருக்கு நேர் எதிரே, பத்தடி தள்ளி, மறுநாளைக்கான நாற்காலிகள் வரிசையாகப் போட்டாகிவிட்டது. இருநூறு. "ஜனங்களுக்குச் சுவரோட மூச்சு மேல படணும்" என்று சார்தான் அவ்வளவு நெருக்கமாகப் போடச் சொன்னார்.

சார் வந்து பார்த்தார். ஒரு நிமிஷம் நிழலை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கண்ணால் அளந்தார். அந்த ஒரு நிமிஷத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது என்பதை அவள் பார்த்துவிட்டாள். அதைத்தான் பிறகு அவளால் மன்னிக்கவே முடியவில்லை.

"இது எத்தனை நூறு வருஷமா நிக்கற சுவர்னு தெரியுமா?"

"நிக்குது சார். ஆனா ரெண்டு மாசத்துல நகர்ந்திருக்கு."

"நீ என்ன கட்டட எஞ்சினியரா? நாம வெளிச்சம் போடறவங்க. அதோட நிறுத்திக்கணும்."

"எஞ்சினியரைக் கூப்பிட்டுக் காட்டலாம் சார். நாற்காலியையாவது பின்னால தள்ளிப் போடலாம்."

சார் குரலை இறக்கினார். அவர் குரல் இறங்கினால் கூட வேலை செய்கிறவர்கள் விலகிப் போய்விடுவார்கள். "நாளைக்கு மேடையில உன் பேரைச் சொல்லப்போறேன். வடிவமைப்பு இந்தப் பொண்ணுன்னு. இந்த நிறுவனத்துல இதுவரைக்கும் யார் பேரையாவது சொல்லியிருக்கேனா? யோசிச்சுக்கோ. அந்த விளக்கைக் கழட்டு."

அவள் ராத்திரி முழுக்க யோசித்தாள். தன் பேரை மைக்கில் கேட்பது எப்படி இருக்கும் என்றும் யோசித்தாள். இல்லை என்று சொன்னால் பொய்.

காலை எட்டு மணிக்குக் கொத்தனாரைப் பிடித்தாள். விளக்குக் குழிகளைக் கட்டிக் கொடுத்தவர் அவர். நல்ல வேலைக்காரர், வாய்தான் கொஞ்சம் நீளம்.

"மேல தோட்டம் போட்டானுங்களே, பாத்தியா டார்ச்சு? திறப்பு விழாவுக்குப் பச்சைப்பசேல்னு புல் வேணுமாம். ஒரு மாசமா ராத்திரி பகலா தண்ணி விட்டானுங்க. சுவருக்குப் பின்னால பூரா மண்ணு. அது நனைஞ்சு கனத்துப் போய் முன்னால தள்ளுது. மேல இருந்து அவன் தள்ளறான், அடியில நாம குழி தோண்டி வச்சிருக்கோம். சுவர் என்ன பண்ணும் பாவம்? வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்குது."

"நகருதுன்னு எப்படிங்க நிரூபிக்கிறது?"

கொத்தனார் உடைந்த ஜன்னல் கண்ணாடியில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டினார். ஏணியில் ஏறி, மீசை விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் தலைமுடி மாதிரி ஓடிய விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையிலும் சிமெண்டு அப்பினார். "கண்ணாடி வளையாது. சுவர் ஒரு நூல் நகர்ந்தாலும் பட்டுனு ஒடைஞ்சிடும். அது பொய் சொல்லாது, நம்ம ஆளுங்க மாதிரி இல்ல."

பதினோரு மணிக்குப் பார்த்தாள். முழுசாக இருந்தது. ஒரு மணிக்கும் இருந்தது. தனக்குத்தான் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்றுகூடத் தோன்றியது. இரண்டரைக்கு அம்மா போன் செய்தாள்.

"ஏய், உங்க சாரோட ஆளு எனக்குப் போன் பண்ணான்டி. முன் வரிசையில சீட்டு போட்டிருக்காராம் எனக்கு!"

சார் சும்மா செய்கிற ஆள் இல்லை. "அம்மா, நீ கடைசி வரிசையில உட்காரு."

"ஏன்?"

"சொன்னா கேளு. இல்ல, வரவே வேணாம். இன்னொரு நாளைக்கு நானே கூட்டிட்டு வந்து காட்டறேன்."

அந்தப் பக்கம் இஸ்திரி இயந்திரத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அம்மாவின் குரல், வேறு குரல். "ஓ. பெரிய மனுஷங்க வர்ற இடத்துல என்னை முன்னால உட்கார வச்சா உனக்கு அசிங்கமா இருக்கோ?"

"ஐயோ அம்மா, அது இல்ல."

"இந்தக் கை சுட்டுச் சுட்டுத்தான்டி நீ படிச்சே. நான் முன் வரிசையிலதான் உட்காருவேன். உனக்குப் பிடிக்கலன்னா என்னைப் பாக்காத."

அம்மா போனை வைத்துவிட்டாள். டார்ச் திரும்பக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. இன்னும் ஐந்து முறை கூப்பிட்டாள்.

நாலு மணிக்குக் கண்ணாடி உடைந்திருந்தது.

நடுவில் ஒரே கோடு, கத்தியால் அறுத்த மாதிரி. போனில் படம் எடுத்துக்கொண்டு சாரிடம் ஓடினாள். சார் நிதானமாக ஏணியில் ஏறினார், இரண்டு துண்டையும் சிமெண்டோடு பெயர்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், இறங்கினார்.

"தோரணம் கட்டற ஆள் ஏணியால இடிச்சிருக்கான்."

"இந்தப் பக்கம் யாருமே வரல சார். நான் இங்கயேதான் இருக்கேன்."

"இடிச்சிருக்கான்னு சொன்னேன்."

கோட்டைக்குப் பொறுப்பான அதிகாரி வந்ததும் படத்தைக் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். மூன்று வருடத்துக்கு முன்னால் சுவரை ஆய்வு செய்து, உறுதியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்ட காகிதம் அவரிடம் இருந்தது. "இதுல ஒடைஞ்ச கண்ணாடி இருக்கும்மா. ஏன் ஒடைஞ்சதுன்னு இல்லையே. இன்னும் ரெண்டு மணி நேரத்துல விருந்தினர்ங்க வர்றாங்க, இப்ப வந்து என்ன பேச்சு இது? உங்க சாரே ஒண்ணும் இல்லைங்கறார்." அவருக்குப் பின்னால் நின்ற சார் சிரித்தபடி, "சின்னப் பொண்ணு. முதல் பெரிய வேலை. பதட்டம்" என்றார்.

பதட்டமாம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். வாயால் சொன்னால் சின்னப் பொண்ணு. சரி, வாயால் சொல்லவில்லை.

சார் விருந்தினர்களை எதிர்கொள்ள வாசலுக்குப் போனதும் ஒயர்மேன் அண்ணனிடம் வந்தாள். "அண்ணா, நேத்து கழட்டினதையும் சேர்த்து ஸ்டோர்ல மிச்சம் இருக்கற எட்டு விளக்கும் வேணும். சுவரை ஒட்டி, பழைய குழியிலயே வைக்கணும். முதல் சோதனைக் கோணம்."

அண்ணன் அவளையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கும்மா. என்னை ஏன் இதுல இழுக்கற?"

"நீங்க ஸ்டோர் சாவி மட்டும் குடுங்க. அடியில போய் நானே வைக்கிறேன்."

"நீ வச்சா ஒயரை எல்லாம் தலைகீழா முறுக்குவே. போன வாரம் பாத்தேனே அந்த லட்சணத்தை." முனகிக்கொண்டே கையுறையை மாட்டினார். "தள்ளு. நான் வைக்கிறேன், நீ பிடி."

சுவருக்கு அடியில் மண்டியிட்டு வேலை செய்தார்கள். தலைக்கு மேலே முப்பதடி கல். ஒவ்வொரு குழியின் மூடியையும் சத்தம் வராமல் நகர்த்த வேண்டியிருந்தது. நாலாவது விளக்கை வைக்கும்போது பிடரியில் ஏதோ பொலபொலவென்று விழுந்தது. தடவிப் பார்த்தாள். சுண்ணாம்புத் தூள். அண்ணன் கழுத்திலும் விழுந்திருந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மிச்ச நாலு விளக்குக்குக் கை தன்னால் வேகம் பிடித்தது.

ஆறே முக்காலுக்கு நாற்காலிகள் நிரம்பிவிட்டன. முன் வரிசையில், ஓரத்திலிருந்து மூன்றாவதாக அம்மா. இருப்பதிலேயே நல்ல உடுப்பு, மடிப்புக் கலையாமல். முதுகை நிமிர்த்தி, மகள் இருந்த பக்கமே திரும்பாமல் உட்கார்ந்திருந்தாள்.

நாற்காலிகளுக்குப் பின்னால் ஒரு மேசையில் விளக்குகளை இயக்கும் பலகை இருந்தது. அவள் விரல்கள் அதன் மேல் இருந்தன. மேடையில் சார் பேசினார். பழமை என்றார், பெருமை என்றார். பிறகு சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அவள் பேரை முழுசாக, தப்பில்லாமல், மைக்கில் சொன்னார். கைத்தட்டல். அம்மா மட்டும் தட்டவில்லை. இரண்டு கையையும் வாய்மேல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இப்போ நம்ம கோட்டை ஒளிரப்போகுது!"

அவள் ஒளிர விட்டாள். மொத்தச் சுவரும் தேன் நிறத்தில் மினுங்கியது. மழுமழுவென்று, ஒரு குறையும் இல்லாமல். கூட்டம் வாயைப் பிளந்தது. பத்து வரை எண்ணினாள். பிறகு அதை ஒட்டுமொத்தமாக அணைத்துவிட்டு, காலடி விளக்குகள் எட்டையும் போட்டாள்.

சுவர் நிறைமாத வயிற்றைப் போலப் புடைத்துக்கொண்டு முன்னால் வந்தது. அதற்கு மேலே கறுப்பாக, இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக, மீசை.

முன் வரிசையில் சிலர் கழுத்தை நிமிர்த்தி மேலே பார்த்தார்கள்.

அப்புறம் கைத்தட்டல். முன்னதைவிட இரண்டு பங்கு. விசில்கூட அடித்தார்கள். "என்ன கற்பனை பாருங்க!" என்று யாரோ சொன்னார்கள். நாலைந்து பேர் எழுந்து சுவருக்குக் கிட்டே போய், அந்த நிழலுக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

எதைக் காட்டினாலும் அழகாகத்தான் தெரியும். அவள் படித்ததே அதற்குத்தானே!

ஓடினாள். நாற்காலிகளுக்கு நடுவே, ஒயர்களைத் தாண்டி, மேடையில் ஏறி, சார் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள். பிடுங்கியதில் சாரின் கடிகாரம் அறுந்து விழுந்தது.

"கைதட்டாதீங்க! இது அலங்காரம் இல்ல. சுவர் உப்பியிருக்கு. நகர்ந்துக்கிட்டு இருக்கு. எல்லாரும் எழுந்து பின்னால போங்க."

சிரிப்பு. இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள்.

"மைக்கைக் குடு" என்றார் சார், பல்லிடுக்கில். "உன் பேரை இப்பத்தான் சொன்னேன். நாளைக்கு வேற மாதிரி சொல்ல வச்சுடாத."

அவள் அவரைப் பார்க்கவில்லை. முன் வரிசையில் மூன்றாவது நாற்காலியைப் பார்த்துப் பேசினாள்.

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே இந்த நிழலைப் பாத்தேன். அப்ப ஒரு சாண்தான் இருந்துச்சு. பாக்க நல்லா இல்லைன்னு விளக்கைத் தள்ளி வச்சு மறைச்சுட்டேன். யாரும் என் கையைப் பிடிச்சுச் செய்ய வைக்கல. நான்தான் மறைச்சேன், அதுக்குப் பாராட்டும் வாங்கிக்கிட்டேன். சுவர் அப்பவே சொன்னதை நான் யாருக்கும் தெரியாம பண்ணிட்டேன். அம்மா, எழுந்திரு. உன் காலைப் பிடிக்கிறேன், எழுந்திரு."

அம்மா மகளைப் பார்த்தாள். திரும்பிச் சுவரைப் பார்த்தாள், விரிப்பில் சுருக்கம் தேடுகிற அதே பார்வை. எழுந்தாள். நாற்காலியைக் கல் தரையில் கரகரவென்று இழுத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பட்டுச்சட்டைக்காரரின் தோளில் தட்டினாள்.

"எழுந்திரு தம்பி. என் பொண்ணு தன் மேலேயே தப்புன்னு சொல்றா. அவ அப்படி லேசுல ஒத்துக்கற ஆள் இல்ல. எழுந்திரு!"

பட்டுச்சட்டைக்காரர் எழுந்தார். அவர் எழுந்ததும் அவருடைய வரிசை எழுந்தது. அதன் பிறகு யாரும் யாருக்கும் சொல்லவேண்டியிருக்கவில்லை. போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர்களைக் கொத்தனார் போய்ச் சட்டையைப் பிடித்தே இழுத்து வந்தார், வாயில் வந்த வசவையெல்லாம் கொட்டிக்கொண்டு.

ஐந்து நிமிஷத்தில் இருநூறு நாற்காலியும் காலி. எல்லாரும் வாசல் பக்கம் நின்று பார்த்தார்கள். சுவர் விழவில்லை. நின்றது. "ஒண்ணும் ஆகலையே" என்று ஒரு குரல் கேட்டது. அப்போதுதான் மீசைக்குக் கீழேயிருந்து, சல்லடையில் மாவு சலித்தாற்போல, மெல்லிசாக ஒரு தூள் ஒழுக்கு. காலடி வெளிச்சத்தில் ஒவ்வொரு துகளும் தெரிந்தது. நிற்காமல் ஒழுகியது. அந்தக் குரல் அதோடு அடங்கிவிட்டது.

சார் பக்கத்தில் வந்தார். "நாளையிலேர்ந்து ஆபீஸ் பக்கம் வராத."

"சரி சார். கண்ணாடித் துண்டை அதிகாரிகிட்ட குடுத்துடுங்க. உங்க பையில குத்திடப் போகுது."

பக்கத்திலேயே நின்ற அதிகாரி சாரின் சட்டைப் பையைப் பார்த்தார். சுண்ணாம்பு அடித்த மாதிரி முகம் வெளுத்திருந்தது அவருக்கு. பிறகு அவளிடம் திரும்பினார். "முட்டுக் கொடுக்கற ஆளுங்களுக்குச் சொல்லியாச்சு. மேல தண்ணியையும் நிறுத்தச் சொல்லிட்டேன். அவங்க வர்ற வரைக்கும் இந்த விளக்கை அணைக்காம இருக்கணும்மா. இதுல மட்டும்தான் தெரியுது."

"சார்கிட்ட கேளுங்க. நான் இப்ப அவர் ஆளு இல்லையே."

அதிகாரி சாரிடம் கேட்கவில்லை.

அவள் மேசைக்குத் திரும்பினாள். ஒயர்மேன் அண்ணன் ஏற்கெனவே அங்கே நின்று மின் இணைப்பைக் காவல் காத்துக்கொண்டிருந்தார். அம்மா தன் நாற்காலியை இங்கேவரை இழுத்து வந்து போட்டு உட்கார்ந்தாள்.

"கடைசி வரிசையில உட்காருன்னது இதுக்குத்தானா?"

"ம்."

"அதை வாயைத் திறந்து சொல்லித் தொலைக்கறதுக்கு என்னடி?"

"நீ போனை எடுத்தாத்தானே!"

அம்மா நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்த்திப் போட்டாள். "வேலை போச்சா?"

"போச்சு."

"பேரை நல்லாத்தான் சொன்னான், பாவி."

டார்ச் பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்து, இரண்டு மாதத்துக்கு முந்தைய பக்கத்தைத் திருப்பினாள். 'சரிசெய்யப்பட்டது' என்ற சொல்லைப் பேனாவால் அடித்தாள். தாள் கிழிகிற அளவுக்கு அடித்தாள். அதற்குக் கீழே மணியைக் குறித்தாள்: ஏழு நாற்பது. பக்கத்தில் நிழலின் நீளத்தை எழுதுவதற்காகத் தலையை நிமிர்த்தி, கண்ணைச் சுருக்கி, கற்களை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினாள்.